விருந்தாளியின் நூல்

எங்கள் தூண்டில் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகில் இரண்டு பேருடைய நூல் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால், ஒருவர் அங்கத்தினர், மற்றவர் விருந்தாளி என்றால், விருந்தாளியின் நூலை வெட்டிவிட வேண்டும். பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் அங்கத்தினரின் நேரம் வீணாகுமாம். நான் ஆறு வருஷம் விருந்தாளியாக இருந்தவள். கிருஷ்ணப்பாவின் கத்தி என் நூலை எத்தனை தரம் வெட்டியது என்று கணக்கே கிடையாது. ஒவ்வொரு தரமும் "ஸாரி மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார். வெட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த ஸாரியைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் பாகீரதி. கன்டோன்மென்ட் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பகுதிக்கு சூப்பர்வைசர். நாள் முழுக்க யாராவது ஒருவர் காதுக்குள் கத்துவார். பதிலுக்குக் கத்தாமல் காரியத்தை முடிப்பதுதான் என் உத்தியோகம். அடக்கி வைத்த அத்தனை கோபத்தையும் ஞாயிற்றுக்கிழமை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். மற்றவர்கள் கோவிலுக்குப் போவார்கள். நான் தண்ணீருக்குப் போனேன்.

நாங்கள் மல்லேஸ்வரத்து ஐயங்கார் குடும்பம். தாத்தா மைசூர் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். வெங்காயமே நாள் கிழமை பார்த்து உள்ளே நுழைகிற வீடு. அந்த வீட்டுப் பெண் மீன் பிடிக்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? இதற்கெல்லாம் காரணம் டோரதி. எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலி. அவள் புருஷன் ஓஸ்வால்ட் ரயில்வேயில் என்ஜின் டிரைவர். ஒரு நாள் அவர்களோடு காவேரிக் கரைக்குச் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். மற்றவர்கள் கொக்கியில் புழுவைக் குத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குமட்டியது. ஓஸ்வால்ட் மட்டும் தனியாக நின்று ஒரு மெல்லிய கழியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். நூல் தலைக்கு மேலே நீளமாக விரிந்து போய், நுனி சத்தமே இல்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. அதைப் பார்த்த நிமிஷம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேறு வார்த்தை இல்லை.

அதற்கு ஃப்ளை என்று பெயர். கொக்கியைச் சுற்றி இறகும் நூலும் கட்டி, பூச்சி மாதிரியோ குஞ்சு மீன் மாதிரியோ செய்வது. அதில் புழு இல்லை, இறால் இல்லை, உயிருள்ளது எதுவும் இல்லை. ஈயக்குண்டும் கிடையாது. அதனால் எறிய முடியாது. தடித்த பட்டு நூலின் கனத்தைக் கொண்டே வீச வேண்டும். வீச முன்னால் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு முதுகுக்குப் பின்னாலும் வேண்டும். எனக்கென்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவையிலிருந்து வெள்ளிச் சரிகையை உருவி, வெள்ளைக் கோழி இறகோடு சேர்த்துக் கட்டினால் தண்ணீரில் அசல் சாளைக் குஞ்சு.

"இறகும் கோழியோடதுதானேடி?" என்றான் என் அண்ணா கஸ்தூரிரங்கன்.

"உதிர்ந்த இறகு அண்ணா. கோழி இன்னும் உயிரோட மேஞ்சிண்டிருக்கு."

"மீனுக்கு அது தெரியுமா?"

"மீனையும் நான் கொல்றதில்லை. பிடிச்சா கொக்கியைக் கழட்டி விட்டுடறேன். நாம சாப்பிடாத ஜீவனைக் கொல்ல எனக்கு என்ன அதிகாரம்?"

"அப்ப எதுக்குடி பிடிக்கறே?"

கையைக் கழுவப் போனேன். தோட்டத்துக் குழாயடியில் சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது மன்னி போட்ட உத்தரவு. மீனைத் தொடாத நாளிலும் கழுவிக்கொண்டேன். வீட்டில் சமாதானம் வேண்டுமே.

சங்கம் காக்ஸ் டவுனில், ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தரம் மெட்ராஸுக்கு ரயிலேறி, வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் மோட்டார் படகு அமர்த்திக்கொண்டு ஆழ்கடலுக்குப் போவார்கள். ஆழம் என்றால் பதினைந்து பாகம், இருபது பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். தடித்த கழி, பெரிய சக்கரம், ஈயக்குண்டு, இறால் இரை என்று எல்லாரும் நேரே கீழே இறக்குவார்கள். ஃப்ளை வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். ஓஸ்வால்ட்கூடக் கடலில் இரைதான் போடுவார். "ஆத்துக்கு இது, கடலுக்கு அது" என்பார்.

அங்கத்தினர் ஆவதற்கு ஒரே ஒரு விதி. பத்துப் பாக ஆழத்துக்கு அப்பால், சொந்தக் கையால் பிடித்த மீன் பெங்களூர் வந்து சேர வேண்டும். ஐஸும் மரத்தூளும் போட்ட பெட்டியில் ராத்திரி ரயிலில் வந்து, ஞாயிற்றுக்கிழமை சங்கத் தாழ்வாரத்துத் தராசில் எல்லார் முன்னாலும் தொங்க வேண்டும். ஆரம்ப காலத்தில் ஆளாளுக்கு மெட்ராஸில் திமிங்கிலத்தையே பிடித்துத் தின்றுவிட்டு வந்ததாக அளந்தார்களாம். அதற்காகப் போட்ட விதி. விடுவித்த மீன் எப்படித் தராசில் தொங்கும்? அதனால் நான் விருந்தாளியாகவே இருந்தேன். ஓஸ்வால்ட் கூட்டிக்கொண்டு போனால்தான் எனக்குக் கடல்.

சீனச் சண்டைக்கு முந்தின வருஷம், பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம், டோரதி எக்ஸ்சேஞ்ச் கான்டீனில் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"பாகி, எங்களுக்கு பேப்பர்ஸ் வந்துடுச்சு. ஏப்ரல்ல கப்பல். ஆஸ்திரேலியா."

"ஓஹோ" என்றேன். பிறகு சுவிட்ச்போர்டில் உட்கார்ந்து சேலத்துக்குக் கேட்டவரைச் சிமோகாவோடு இணைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் செய்ததே இல்லை.

ராத்திரி படுத்த பிறகுதான் மற்றது உறைத்தது. அவர்கள் போனால் என்னை யார் விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போவார்கள்? மாசிக் கடைசியில் வரும் பயணம்தான் கடைசி. அதில் அங்கத்தினர் ஆகாவிட்டால் கடல் போச்சு. மல்லேஸ்வரத்தில் உட்கார்ந்து மன்னியோடு கருவடாம் பிழிய வேண்டியதுதான்.

மறுநாளே கிருஷ்ணப்பாவைப் பார்க்கப் போனேன். அவர்தான் சங்கத்து கேப்டன். ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்து, அங்கேயே சொந்தமாக இரும்பு வார்ப்புப் பட்டறை வைத்திருப்பவர். இரைத்தூண்டிலில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. என்னை ஒரு நாளும் அவமரியாதையாகப் பேசியது இல்லை. அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

"ஃப்ளையில பிடிச்சா ஒத்துப்பேளா?" என்றேன், முகவுரை இல்லாமல்.

"எதுல பிடிச்சா இன்னா மேடம்? கைல பிடிச்சாலும் சரி. இங்க வந்து தராசுல தொங்கணும், அவ்ளோதான்."

"பெண்ணாச்சேன்னு பிற்பாடு யாரும் ஆட்சேபம் சொல்லக் கூடாது."

"ரூல்ல ஆம்பளன்னு எழுதல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எழுதணும்னு அப்போ யாருக்கும் தோணல, அது வேற. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அந்த ஆழத்துல கிடக்கிற மீனு கோழி இறகைப் பாக்க மேல வராது. பேசாம இறால் போடுங்க. இரையை நம்ம பையனுங்க யாராச்சும் குத்திக் குடுப்பாங்க."

"பேடா" என்றேன். கன்னடத்தில் சொன்னால்தான் அந்த வேண்டாமுக்குச் சரியான அழுத்தம் வருகிறது. அவர் சிரித்துவிட்டார்.

மீன் மேலே வரும் என்று எனக்குத் தெரியும். போன பயணத்தில் கண்ணால் பார்த்திருந்தேன். கிருஷ்ணப்பா ஒரு பாறை மீனை ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தபோது, அதன் பின்னாலேயே கூட்டாளி மீன்கள் மூன்று நான்கு தொடர்ந்து வந்தன. தூண்டில் மீன் படகுக்குள் ஏறியதும், ஒரு கணம் படகைச் சுற்றித் திகைத்து நின்றுவிட்டுக் கீழே இறங்கிவிட்டன. அந்த ஒரு கணத்தை நீட்டினால் போதும். மாட்டிய மீனைப் படகில் ஏற்றாமல் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தால், கூட்டாளிகளும் நிற்கும். நின்றால் என் நூலுக்கு எட்டும்.

கொல்வது? அதைப் பற்றி யோசித்தேனா என்றால், யோசித்தேன். விதியில் மீன் பெங்களூர் வர வேண்டும் என்றுதான் இருந்தது, செத்து வர வேண்டும் என்று இல்லை. உயிரோடு கொண்டுவருவேன். சட்டம் படித்த தாத்தாவின் பேத்திக்கு இது தோன்றாமல் இருக்குமா? அன்றைக்கு இந்த யோசனை எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

மாசிக் கடைசிப் பயணத்தில் எங்கள் படகோட்டி தேசப்பன். விடிந்த கையோடு படகைக் கிளப்பிவிட்டார். கரை மறைந்து, தண்ணீர் பச்சையிலிருந்து கருநீலமான இடத்தில் மோட்டாரை நிறுத்தினார். கீழே கல் திட்டு இருக்கிறது, பதினெட்டு பாகம் என்றார். கிருஷ்ணப்பா நடுவில். அவருடைய உயிர் இறால் பீப்பாய் அவர் காலடியில். பின்பக்கம் வலது மூலையில் நான். வீசும்போது என் நூல் வெளிப்பக்கம் தண்ணீருக்கு மேலே போகட்டும் என்று அந்த இடம். எனக்கு இப்பால் ஓஸ்வால்ட். டோரதி வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் சிக்கு உடனே வந்தது. இரைக்காரர்களின் நூல் நேரே கீழே நிற்கும்; என்னுடையது லேசு, நீரோட்டத்தில் போய்க்கொண்டே இருக்கும். கிருஷ்ணப்பாவின் நூலைச் சுற்றிக்கொண்டது.

"ஸாரி மேடம்." கத்தி. சரிகையும் இறகுமாக இரண்டு ராத்திரி உட்கார்ந்து கட்டியது தண்ணீரோடு போயிற்று.

"பரவாயில்லை" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்றைக் கட்டினேன்.

வெயில் ஏறியபோது கிருஷ்ணப்பாவின் கழி வளைந்தது. "கிருஷ்ணப்பா, ஏத்தாதீங்கோ! கொஞ்ச நேரம் தண்ணியிலேயே வெச்சிருங்கோ!" என்று கத்தினேன்.

"இன்னா மேடம் நீங்க! மாட்டின மீனை ஊற வெச்சா சுறா வரும்." விறுவிறுவென்று சுற்றி மீனை உள்ளே போட்டார். பின்னால் வந்த இரண்டு நிழல்கள் நான் கழியைத் தூக்குவதற்குள் கீழே போய்விட்டன.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்தது ஓஸ்வால்டுக்கு மாட்டியது. சாதாரண மீன் இல்லை. கழி அடியோடு வளைந்து, சக்கரம் அலறியது. நெடுநேரம் போராடி மேலே கொண்டுவந்தார். தண்ணீருக்குள் அதன் பக்கம் வெள்ளித்தட்டாக மின்னியது. அவருடைய ஆயுளில் பிடித்த பாறை மீன்களிலேயே பெரியது அதுவாகத்தான் இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? அவருக்கும் அதுதானே கடைசிப் பயணம்.

அவர் சுற்றுவதை நிறுத்தினார். "போடு பாகி" என்றார். "சீக்கிரம்."

பின்னால் ஐந்தாறு மீன்கள் நின்றன. கழியைப் பின்னால் இழுத்து முன்னால் வீசினேன். நூல் பாதியில் சுரீரென்று நின்றது. என் கால் கட்டைவிரலுக்கடியில் நானே என் நூலை மிதித்துக்கொண்டிருந்தேன்! இத்தனை வருஷம் வீசியவள். காலை எடுத்து மறுபடி வீசுவதற்குள் மீன்கள் சிதறின. கீழேயிருந்து ஒரு பெரிய பழுப்பு உடம்பு எழும்பி வந்தது. ஓஸ்வால்டின் கழி ஒரு உலுக்கு உலுக்கி நிமிர்ந்தது. அவர் சுற்றி மேலே எடுத்தபோது கொக்கியில் தலை மட்டும் இருந்தது.

கிருஷ்ணப்பா என்னைப் பார்க்காமல் தன் கொக்கியில் இறால் மாட்டினார். எனக்குக் கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது.

"ஓஸ்வால்ட், மன்னிச்சுக்கோங்கோ" என்றேன்.

"மன்னிப்பு அப்புறம். மொதல்ல காலை நூல் மேலேர்ந்து எடு" என்றார். மறுபடி இரையை இறக்கினார்.

டோரதி குடையை மடக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தளத்தில் கிடந்த என் நூலையெல்லாம் வாரித் தன் மடியில் சுருள் சுருளாக வைத்துக்கொண்டாள். புதுப் பூப்போட்ட கவுன், உப்புத்தண்ணீரில் நனைந்தது. "இப்போ எங்க மிதிப்பே, பார்க்கலாம்" என்றாள்.

தேசப்பன் படகைத் திட்டின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "சுறா இந்தாண்ட வராதும்மா. ஆனா ரொம்ப நேரம் வெச்சிக்கினு நிக்காதீங்க" என்றார்.

ஓஸ்வால்டுக்கு மறுபடி மாட்டியது. இந்தத் தரம் சின்னது. மேலே கொண்டுவந்து, படகுக்கு ஒரு பாகம் கீழே நிறுத்தினார். அப்படியே வைத்திருந்தார். ஒரு பெரிய மீனை இழந்து இன்னும் வியர்வைகூட ஆறவில்லை. என்ன மனுஷர்! நிழல்கள் வந்தன. நான் மூச்சை இழுத்துக்கொண்டு வீசினேன். டோரதியின் மடியிலிருந்து நூல் சரசரவென்று புறப்பட்டுப் போயிற்று. சரிகை ஒரு தரம் மினுங்கியது. ஒரு நிழல் திரும்பி, வாயைத் திறந்து, மூடியது.

அதற்குப் பிறகு நடந்ததை நிதானமாகச் சொல்ல எனக்கு வராது. நூல் என் விரலைச் சுட்டுக்கொண்டு ஓடியது. "மீன்! மீன்!" என்று டோரதி கத்தினாள். ஒருவருக்கு மீன் மாட்டினால் மற்றவர்கள் தங்கள் நூலை மேலே சுற்றிக்கொண்டு வழி விட வேண்டும்; அந்த வழக்கத்தில் மட்டும் விருந்தாளி என்ற வித்தியாசம் கிடையாது. கிருஷ்ணப்பா யாரும் சொல்லாமலே முதல் ஆளாகத் தன் நூலைச் சுற்றிக்கொண்டார். மீன் திட்டுக்குள் போகப் பார்த்தது, நான் விடவில்லை. படகுக்கடியில் போகப் பார்த்தது, கழியைத் தண்ணீருக்குள் முக்கிக்கொண்டு மூலையைச் சுற்றி வந்தேன். புடவைத் தலைப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. தோள் கழன்றுவிடும் போல வலித்தது. "வாடா, வந்துடுடா" என்று கெஞ்சினேன். "விட மாட்டேன், போயேன் பார்க்கலாம்" என்று திட்டினேன். கடைசியில் அது பக்கவாட்டில் சாய்ந்து வந்தது.

தேசப்பன் கொக்கிக்கம்பை ஓங்கினார். "குத்தாதீங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கம்பையே கீழே போட்டுவிட்டார். பின்பு வலையால் தூக்கினார். நான் அதை இரண்டு கையாலும் வாரி, நேரே கிருஷ்ணப்பாவின் பீப்பாய்க்குள் விட்டேன்.

"என் இறாலு!" என்று அலறினார் அவர்.

"இது பெங்களூருக்கு உயிரோட வரப்போறது" என்று அறிவித்தேன்.

படகில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஓஸ்வால்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். டோரதிதான் கேட்டாள்: "வந்து, எடை போட்டு, அப்புறம்? அல்சூர் ஏரியில விடப்போறியா, பாகி? அது கடல் மீன்."

அதை நான் யோசிக்கவில்லை. பீப்பாயில் ஏறும் வரைக்கும்தான் என் தாத்தாவின் சட்டம் ஓடியிருக்கிறது.

"அதெல்லாம் அப்பறம். முதல்ல தண்ணியை மாத்தணும்" என்றேன்.

கரைக்குத் திரும்பினோம். தகர மக்கால் கடல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். பீப்பாய்க்குள் மீன் திரும்பக்கூட இடம் இல்லை. மூக்கு ஒரு பக்கம் இடித்தது, வால் மறுபக்கம் இடித்தது. கொஞ்ச நேரத்தில் சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்தேன். மறுபடி சாய்ந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

கிருஷ்ணப்பா எழுந்து வந்து பீப்பாய்க்குப் பக்கத்தில் குந்தினார். இறால் போன கோபம் அவர் முகத்தில் இல்லை.

"மேடம். வேணும்னா இப்பவே கடல்ல விட்டுடுங்க. நாங்க நாலு பேரு பாத்தோம். கமிட்டில நானே பேசறேன். ஸ்பெஷல் கேஸ்னு போட்டுடலாம்."

ஸ்பெஷல் கேஸ். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் தினமும் கேட்கிறேன். தயவில் கொடுத்ததைத் தயவு தீர்ந்ததும் பிடுங்கிக்கொள்வார்கள். அடுத்த கேப்டன் வந்து, "அது அப்போ, ஓஸ்வால்டுக்காக" என்பான்.

"விட்டா பிழைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் மீனைத் தொட்டுப் பார்த்தார். "இல்ல மேடம். பிடிச்ச உடனே விட்டிருந்தா பிழைச்சிருக்கும். இப்ப கஷ்டப்பட்டுச் சாவும். ஒரே அடியில முடிச்சிருந்தா அதுக்கு எவ்ளோ நிம்மதி." மீனை அடிக்கிற கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நான் பாத்துக்கறேன்."

கொல்ல மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அதை அணு அணுவாகக் கொன்றுகொண்டிருந்தேன். என் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அது மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. புழுவைப் பார்த்து வந்த குமட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"அந்தக் கட்டையைக் கொடுங்கோ" என்றேன்.

"நான் அடிக்கிறேன் மேடம்."

"என் மீன். நான்தான்."

எங்கே அடிக்க வேண்டும் என்று விரலால் காட்டினார், கண்ணுக்கு மேலே. அடித்தேன். உடம்பு ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது. கட்டையை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கரை வருகிற வரைக்கும் அழுதேன். டோரதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன் தாழ்வாரத்தில் அந்த மீன் தராசில் தொங்கியது. கிருஷ்ணப்பா முள்ளைப் பார்த்து எடையை உரக்கச் சொன்னார். "ஃப்ளையில பிடிச்சது. பதினெட்டு பாகத்துல. மேடமே பிடிச்சாங்க, மேடமே முடிச்சாங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் அங்கத்தினர்.

எழுந்து நின்று என் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். மீன் பெங்களூர் வர வேண்டாம். படகிலேயே எடை போட்டு, இரண்டு பேர் பார்த்தால் போதும். விட நினைப்பவர்கள் விடலாம்.

"ஆமா, நீங்க பாஸ் ஆயிட்டீங்க, இப்ப பரீட்சையே வேணாமா?" என்று யாரோ கிண்டல் செய்தார்கள்.

"பாஸ் ஆனாத்தானே இங்கே பேச முடியறது" என்றேன்.

தீர்மானம் தோற்றது. கிருஷ்ணப்பாவும் கை தூக்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி கொண்டுவருவேன், அதற்கடுத்த வருஷமும் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அங்கத்தினர்களின் வீட்டுப் பெண்கள் மீனைக் குழம்பு வைத்தார்கள். என் மீன். நான் கொன்றது. ஒரு துண்டாவது தின்றால்தான் நியாயம் என்று தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கை வாய் வரைக்கும் போகவில்லை. டோரதி தட்டை மெதுவாக இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு முள்ளைத் தவிர ஒன்றும் விடாமல் சுத்தமாகச் சாப்பிட்டாள். "ஃபர்ஸ்ட் கிளாஸ் மீன், பாகி" என்றாள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். அன்றைக்கு அண்ணா வீட்டுக் குழாயடியில் கையைக் கழுவிய நேரத்தில் மன்னி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் அவர்கள் போனார்கள். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஓஸ்வால்ட் என் கையைக் குலுக்கிவிட்டு, "காலைப் பார்த்து வை" என்றார். ரயில் நகர்கிற வரைக்கும் டோரதி என் கையை விடவில்லை.

ஆவணியில் அடுத்த பயணம். என்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, நானே போனேன். அதே தேசப்பன், அதே திட்டு. எனக்கு இப்பால் ஓஸ்வால்டின் இடம் காலி. நூலை மடியில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல், அதற்கென்று ஒரு மூங்கில் தட்டுக்கூடை கொண்டுபோயிருந்தேன். நடுவில் கிருஷ்ணப்பா. காலடியில் இறால் பீப்பாய், இந்தத் தரம் மேலே மூடி போட்டிருந்தார்.

நீரோட்டம் வேகமாக இருந்தது. இரண்டாவது வீச்சிலேயே என் நூல் போய் அவர் நூலைச் சுற்றிக்கொண்டது. அவர் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, என் நூலை இழுத்துப் பிடித்து, வாயைத் திறந்தார்.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தி அந்தரத்தில் நின்றது. அதை மடக்கிச் சொருகிக்கொண்டார். கழியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பட்டறையில் காய்த்துப்போன அந்தத் தடித்த விரல்களால் முடிச்சை நோண்ட ஆரம்பித்தார். நானும் குனிந்து மறுபக்கத்திலிருந்து பிரித்தேன். முன்பக்கத்தில் யாருக்கோ மீன் மாட்டிக் கத்தினார்கள். நாங்கள் இரண்டு பேரும் நிமிரவில்லை. எனக்குக் கண் கலங்கி முடிச்சு சரியாகத் தெரியவில்லை.

"உங்க பக்கம்தான் இறுகியிருக்கு" என்றார். "கொஞ்சம் லூஸ் விடுங்க."

விட்டேன்.